ஓசி, காசு, என் குரல்

2008 அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. பத்து மணிக்குப் போன மின்சாரம் பன்னிரண்டுக்கு வந்தது.

நேற்று மதுரை ஆஸ்பத்திரி. கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த சோதனைக்கு முடிவு வந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று தெளிவாகச் சொல்ல முடியாதாம். அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 22ஆம் தேதி, புதன், ஆபரேஷன்.

டாக்டரம்மா ஒரு தாளில் கழுத்தைப் படமாகப் போட்டுக் காட்டினார். கட்டிக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு கோடு. குரலுக்குப் போகிற நரம்பு. தொடாமல் எடுக்கப் பார்ப்பார்களாம். ஆனாலும் சிலருக்குக் குரல் மாறும், சிலருக்குக் கொஞ்ச நாள் வராது, அபூர்வமாக ஒருவருக்கு வராமலே போகும். அதற்குப் பிறகுதான் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"பேசுறதுதான் டாக்டர்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பேசுவதுதான். பதினோரு வருஷம். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை விளம்பர ஆட்டோவில் ஜவுளிக்கடை, உரக்கடை, கண் சிகிச்சை முகாம் எல்லாம் என் குரல். குமுளிக்காரர்களுக்காக மலையாளத்தில் இரண்டு வரி. பின்னணி இசை என் வீட்டுக்காரர் கீபோர்டில் போடுவார். ஆட்டோ அவர் ஓட்டுவார். பேச மட்டும் மாட்டார். அவருக்குத் திக்குவாய். காதர் என்று தன் பெயரைச் சொல்வதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். கடைக்காரர்களிடம் பேசுவது, போன் எடுப்பது, எல்லாம் நான்.

திரும்பி வரும்போது பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் அவர் வாயைத் திறந்தார். எல்லா வார்த்தையையும் இப்போதே பேசிப் பதிந்து வைத்துவிடு, தேவைப்படும்போது வெட்டி ஒட்டிக்கொள்கிறேன் என்றார். சொல்லி முடிப்பதற்குள் பஸ் க.விலக்கு நிறுத்தத்துக்கு வந்துவிட்டது.

எச்சில் விழுங்கும்போது கட்டி ஏறி இறங்குகிறது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

பட்டியல் எழுதினோம்.

ஊர்ப் பெயர்கள்: கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி, இன்னும் இருபது.
எண்கள், ஒன்று முதல் நூறு. பிறகு ஐந்நூறு, ஆயிரம். சதவீதம்.
கிழமை, மாதம்.
பட்டு, சுடிதார், வேட்டி, வளையல், மிக்சி, உரம், சொட்டு நீர்க் குழாய்.
வாருங்கள். வாங்கிச் செல்லுங்கள். இன்றே. கடைசி நாள்.
பண்டிகை வாழ்த்துகள், எல்லா மதத்துக்கும்.

நோட்டில் பதினாலு பக்கம்.

உள்ரூமில்தான் பதிவு. சுவரெல்லாம் பழைய மெத்தை, கம்பளி. ஃபேன் போடக்கூடாது, அதன் சத்தமும் விழும். அரை மணி நேரத்தில் சேலை நனைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இருக்கிற பதிவு சாப்ட்வேர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் இருந்து சும்மா இறக்கியது. நாங்கள் அதை ஓசி என்போம். அதில் ஓர் இரைச்சல் எப்போதும் இருக்கும். இரைச்சலை எடுக்கச் சொன்னால் என் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

பெயரெல்லாம் சரியாக வந்தது. பதினேழு, பதினெட்டு சொல்லும்போது நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். ஒரு எண்ணைக் கடைசித் தடவையாகச் சொல்வது எப்படி என்று இதுவரை யோசித்ததில்லை.

பால் வாங்க மறந்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஜெயசீலன் தேனியிலிருந்து வந்தான். அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். கெட்டிக்காரன், ஆனால் பேச்சு அதிகம். (இனி ஜெ.)

விலைக்கு விற்கிற ஒரு மியூசிக் சாப்ட்வேரை முப்பது நாள் ட்ரையலாக ஏற்றிக் கொடுத்தான். இதற்கு 'காசு' என்று பெயர் வைத்தோம். முப்பது நாள் கழித்துப் பணம் கட்டினால்தான் திறக்கும். விலையைக் கேட்டு அவர் முகம் மாறியது. அந்தப் பணத்துக்கு ஆட்டோவை மேலிருந்து கீழ்வரை புதுசாக்கலாம். பூட்டு உடைத்த சிடியும் இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றான் ஜெ. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போலீஸ் சோதனைக்கு வந்தால் கம்ப்யூட்டரையே தூக்கிப் போய்விடுவார்கள், அதோடு திருட்டு திருட்டுதான். எனக்கும் அதுவே.

காசு நல்ல சாமான், சொல்லத்தான் வேண்டும். இரைச்சல் துடைத்த மாதிரி போனது. வயலின், தவில், புல்லாங்குழல், எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

பிறகு ஜெ. உரக்கடைக்கு நான் எப்போதோ பேசிய ஒரு வரியை எடுத்தான். ஒவ்வொரு எழுத்தையும் மவுஸால் மேலே இழுத்தான், கீழே இழுத்தான். போட்டுக் காட்டினான். நான் பாடிக்கொண்டிருந்தேன். நான் பாடாத பாட்டு. என் மூச்சு, என் 'ழ', எல்லாம் சரியாக.

"அக்கா, நீங்க இனி பாடவே வேணாம். ஒரு தடவ பேசிக் குடுத்தாப் போதும். மத்தத இது பாத்துக்கிரும்."

புகழ்ந்துதான் சொன்னான். டீ போடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். பட்டியலில் ஐந்து பக்கம் முடிந்தது. தொண்டை கரகரப்பு. சுக்குத் தண்ணீர்.

ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ரூமில் என் குரல் கேட்டது. தீபாவளிக்குப் புது ஜவுளி வந்திருக்கிறது என்று ராகம் போட்டு இழுத்துப் பாடியது. அதை நான் சொல்லவே இல்லை. வார்த்தைகள் நான் சொன்னவை, தனித்தனியாக. சேர்த்தது அவர்.

அந்த நேரத்தில் வந்த நினைப்பை இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் செத்த பிறகு இந்த வீடு இப்படித்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு பாத்திமா லாத்தா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மெகரு இன்னைக்கு நல்லாப் பாடுறா என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

உள்ளே போய் நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சத்தம் அதிகம் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

எண்கள் எல்லாம் போச்சு.

மூன்று மணி நேரம் பேசிப் பதிந்தது, முப்பது நாளில் காசு பூட்டிக்கொள்ளும் என்று ஓசியிலேயே. எழுபத்தைந்து வரை வந்திருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போனது. யுபிஎஸ் பாட்டரி செத்து ஆறு மாதம். திரும்ப வந்து திறந்தால் ஒன்றுமில்லை. காசாக இருந்தால் நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமித்துக்கொள்ளுமாம். ஜெ. போனில் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். காசை வாங்கலாமா என்கிற பார்வை. நான் நோட்டை மறுபடி எண்கள் பக்கத்துக்குத் திருப்பினேன்.

சாயங்காலம் மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதுக்கு மேல் குரல் பிசிறியது. இருப்பதையும் நானே செலவழித்துத் தீர்க்கிறேனோ என்று பயம். டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவர் நம்பர் இல்லை.

இன்னும் ஒன்பது நாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

போடியில் ஒருவர் கீபோர்டை நல்ல விலைக்குக் கேட்கிறாராம். கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிறவர். அதை விற்று, கொஞ்சம் போட்டு, காசை வாங்கிவிடலாம் என்கிறார். கீபோர்டில் இருப்பது எல்லாமே காசுக்குள் இருக்கிறது, பிறகு இது எதற்கு என்கிறார்.

கல்யாணமான புதிதில், பேச வராத நாளில் எல்லாம் கீபோர்டில்தான் உட்கார்ந்திருப்பார். கோபம் என்றால் ஒரு வாசிப்பு, சமாதானம் என்றால் ஒரு வாசிப்பு. எனக்கு அது தெரியும்.

இப்போது நானும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். ஒரு டப்பா போதும். யாரிடம் சொல்வேன் இதை. சொன்னால் கிறுக்கி என்பார்கள். வீட்டில் சோற்றுக்கு வழி தேடுகிற மனுஷன் மேல் பொறாமைப்படுகிற மாதிரி இருக்கிறது. பொறாமை இல்லை, பயம்.

லாத்தா இடியாப்பம் கொடுத்து அனுப்பினார். பாத்திரம் திருப்ப வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒரு தப்பு செய்துகொண்டிருக்கிறேன். நாலு நாளாக.

பட்டியலில் நாலு பக்கத்தை நான் பேசவே இல்லை. அவர் வெளியே போயிருக்கும்போது நானே பதிந்துவிட்டதாகச் சொல்லி, முடிந்தது என்று பக்கத்தின் மேலே டிக் போட்டுவிட்டேன். எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நான் காலியாகிவிடுவேன் என்று ஒரு எண்ணம். நாலு பக்கமாவது எனக்குள் இருக்கட்டும். அது இருந்தால் ஆபரேஷன் நல்லபடி முடியும் என்றுகூடத் தோன்றியது. பைத்தியம்தான்.

ஆனால் குரல் வராமல் போனால்? அந்த நாலு பக்கத்தில்தான் நகைக்கடை முழுவதும் இருக்கிறது. நகைக்கடைக்காரர்கள்தான் வருஷம் முழுக்க விளம்பரம் தருகிறவர்கள்.

தொழுதேன். மனம் நிற்கவில்லை.

அக்டோபர் 18, சனி

காலையில் கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டாம் பக்கத்துக்கு வார்த்தை தேடியிருக்கிறார். இல்லை. எட்டிலும் இல்லை. நோட்டோடு அடுப்படிக்கு வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த நாலு டிக்கையும் விரலால் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

அரிசி களைந்த கையோடு சொல்லிவிட்டேன்.

"எல்லாத்தையும் பேசிக் குடுத்துட்டா நான் எதுக்கு மச்சான்? அந்த டப்பா பேசும், பாடும். நான் இங்கன மூலையில உக்காந்து என் குரலையே கேட்டுக்கிட்டிருக்கணுமா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. எப்போதும் இந்த இடத்தில் நான் அவர் வார்த்தையை முடித்துவைப்பேன். பதினைந்து வருஷப் பழக்கம். கடையில், பஸ்ஸில், வீட்டில். அவர் தொடங்குவார், நான் முடிப்பேன். இன்றைக்கு முடிக்கவில்லை. கோபத்தில்தான். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. நான் அசையவில்லை.

எவ்வளவு நேரமோ. அவர் சொன்னதைத் திக்கல் இல்லாமல் எழுதுகிறேன்:

"உனக்கும் பேச்சு வராமப் போச்சுன்னா, இந்த வீட்டுல ரெண்டு பேரும் சத்தமில்லாம உக்காந்திருக்கணும். யாரு போன எடுப்பா? யாரு என் பேரச் சொல்லுவா? அதான் புள்ள சேத்து வைக்கிறேன். கடைக்காக இல்ல."

கடைக்காகவும்தான் என்று கொஞ்சம் கழித்துச் சேர்த்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

இவரும் பயந்துதான் கிடக்கிறார் என்று எனக்கு ஏன் தெரியவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு ஒளித்து விளையாடியிருக்கிறோம்.

முடிவு செய்தோம். நாலு பக்கத்தையும் பேசிவிடுவேன். நான் சொன்னதைச் சொன்னபடி வெட்டி ஒட்டலாம், இழுத்து ராகம் போடக்கூடாது. அதற்கு ஓசி போதும். ட்ரையல் முடிவதற்குள் காசில் இரைச்சலை மட்டும் துடைத்து எடுத்துக்கொள்வது. கீபோர்டு விற்பனைக்கு இல்லை. போடிக்காரருக்கு நானே போன் செய்து சொன்னேன்.

சோறு குழைந்துவிட்டது.

அக்டோபர் 21, செவ்வாய்

தூறல். பை கட்டினேன்.

மாற்றுச் சேலை 3, துண்டு 2, பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே, டம்ளர், தஸ்பீஹ் மணிமாலை, இந்த நோட்டு, பேனா 2, ஒரு சிலேட்டு. சிலேட்டை வைத்தது அவர். நான் எடுத்து வெளியே வைத்தேன். திரும்பப் பையில் கிடக்கிறது.

காலையில் கடைசிப் பக்கம் முடிந்தது. கடைசி வார்த்தை நன்றி. நாலு தடவை சொன்னேன், நாலும் நன்றாக இல்லை. முதல் தடவை சொன்னதையே வைத்துக்கொண்டார்.

பதிவை நிறுத்திய பிறகு, வேறு ஏதாவது பேசு என்றார். என்ன பேச என்றேன். எதையாவது என்றார். வெளியே ஜீப்காரர்கள் ஆள் சேர்க்கக் கம்பமெட்டு, கம்பமெட்டு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்கு இதே நேரம் கழுத்து திறந்திருக்கும். நினைக்காதே என்றால் அதுதான் நினைப்பு.

அக்டோபர் 26, ஞாயிறு. மதுரை

இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. கழுத்தில் கட்டு. குழாயை எடுத்துவிட்டார்கள்.

குரல் இல்லை.

வாயைத் திறந்தால் காற்று போகிறது. பலூனில் காற்று போகிற மாதிரி. 'ஆ' சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. ஆ என்றுதான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்தான்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவில்லையாம். நரம்பு அறுபடவில்லை, கட்டி ஒட்டிக்கொண்டு இருந்ததால் பிரித்தெடுக்கும்போது அதிர்ந்துபோயிருக்கிறது என்கிறார். மாதங்கள் ஆகலாம். எத்தனை மாதம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். பொறுமையாக இருங்கள் என்றார். அது பதில் இல்லை.

கட்டி கெட்ட கட்டி இல்லை. அந்தச் சேதி மட்டும் நல்லது. அவர் வராந்தாவில் போய் நின்று அழுதுவிட்டு முகம் கழுவி வந்தார். எனக்கு அழுகை வரவில்லை. சத்தமில்லாமல் அழுவது எப்படி என்று பயம்.

பக்கத்துக் கட்டில் அம்மா: "பாவம், பேச வராதோ? பொறவியிலேயா?"

இருமல் வந்தால் தையல் இழுக்கிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கஞ்சிதான்.

நவம்பர் 5, புதன்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். தீபாவளி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது.

போன் அடிக்கிறது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடித்து நின்றுவிடுகிறது. லாத்தா இருக்கும்போது அடித்தால் லாத்தாவே எடுத்து, மெகருக்குத் தொண்ட சரியில்ல, அப்பறம் கூப்புடுங்க என்கிறார். எத்தனை நாளைக்கு இந்த 'அப்பறம்'.

இன்றைக்கு முதல் ஒட்டு விளம்பரம் முடித்தார். சின்னமனூர் பாத்திரக்கடை. ஓசியில் மூன்று மணி நேரம் வெட்டி ஒட்டினார். போட்டுக் காட்டினார். என் குரல்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு தடுக்கல். ஒன்று காலைக் குரல், அடுத்தது மாலைக் குரல், ஒன்றில் தெம்பு, அடுத்ததில் கரகரப்பு. ஆற்றில் கல் கல்லாகத் தாண்டிப் போகிற மாதிரி நடக்கிறாள் அவள். அவள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

கடைக்காரர் கேட்டுவிட்டு, பரவாயில்ல என்றாராம். நகைக்கடை மட்டும், மதுரையில் வேறு பெண்ணை வைத்துச் செய்துகொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டது. பதினோரு வருஷம். காசில் ஒட்டினால் ஒட்டு தெரியாது என்று ஜெ. வந்தபோது சொன்னான். உண்மைதான். தப்பான முடிவு எடுக்க வைத்துவிட்டேனா என்று பயம் பிடித்துக்கொண்டது. அவர் அடுத்த விளம்பரத்துக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 7, வெள்ளி

ட்ரையல் முடிந்தது. காசைத் திறந்தால் ஒரு சாம்பல் கட்டம், பணம் கட்டு என்று. இரைச்சல் துடைத்த வார்த்தைகளை எல்லாம் முன்பே எடுத்து வைத்துவிட்டோம், நஷ்டம் இல்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிலேட்டை எடுத்தேன். வாங்குங்கள் என்று எழுதினேன். நகைக்கடையை நினைத்துத்தான்.

அவர் வாசித்தார். என் கையிலிருந்து சிலேட்டை வாங்கித் துணியால் துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். காசைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். பிறகு சாயங்காலம் வரை கீபோர்டு.

பிழைப்புக்கு என்ன செய்யப்போகிறோம் தெரியவில்லை. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புக்கு டிரைவர் வேலை இருக்கிறதாம். விசாரித்திருக்கிறார்.

நவம்பர் 16, ஞாயிறு

சத்தம் வந்தது.

காலையில் பூனையை விரட்டப் போய் 'சூ' என்றேன். அதோடு ஏதோ ஒன்று சேர்ந்து வந்தது. கதவுக் கீல் மாதிரி. பூனை திரும்பிப் பார்த்தது.

மச்சான் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். தடித்த, கிழிந்த குரல். ஆம்பளைக் குரல் என்றே சொல்லலாம். நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு நிற்கவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்போடு வெளியே வந்துவிட்டார். யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்தாராம்.

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். இதுதான் இனிமேல் நானா? டாக்டரம்மா கத்தக்கூடாது, இழுத்துப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றிருக்கிறார். மீறினால் இருக்கிறதும் போய்விடும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று கணக்கு வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஏழு முடிந்தது.

நவம்பர் 27, வியாழன்

மூன்று நாளாக விடாத மழை. மலைப் பக்கம் இதைவிட அதிகமாம். சுருளி அருவிக்கு யாரையும் விடவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் குடையோடு ஓடிவந்தார். ஆறு ஏறிக்கொண்டு வருகிறது, கரையோரம் ஆட்கள் இருக்கிறார்கள், ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோ எல்லாம் போய்ச் சொல்ல வேண்டும். உத்தமபாளையம் வரை உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

அவர் கம்ப்யூட்டரைப் போட்டார். நல்ல வேளை, மின்சாரம் இருந்தது. வார்த்தைகளைத் தேடினோம். ஊர்ப் பெயர் இருக்கிறது. இன்று இருக்கிறது. தண்ணீர் கிடைத்தது, குடிதண்ணீர் டேங்க் விளம்பரத்துக்காகப் பேசியது. வாருங்கள் இருக்கிறது, எட்டு விதமாக. போகாதீர்கள் இல்லை. இறங்காதீர்கள் இல்லை. பதினாலு பக்கத்திலும் ஒரு 'வேண்டாம்' கூட இல்லை. பதினோரு வருஷமாக யாரிடமும் நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஓசியாக இருந்தால் என்ன, காசாக இருந்தால் என்ன. எதை எடுத்து ஒட்டுவது?

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தானே சொல்கிறேன் என்று மைக்கை எடுத்தார். 'ஆற்றில்' என்கிற சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு தடவை, மூன்று தடவை. முகம் கருத்துப்போனது. நான் மைக்கை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நேரமில்லை என்று நானும் கையை ஆட்டினேன்.

சுருளிப்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் தாண்டியதும் தொடங்கினேன். "ஆத்துல வெள்ளம் வருது. யாரும் இறங்காதீக. கரையில நிக்காதீக." குழாயில் என் குரலைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செடுத்தது. தகரத்தை இழுக்கிற மாதிரி. நாலு வார்த்தை, மூச்சு, நாலு வார்த்தை, மூச்சு. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஆட்டைத் திருப்பினார். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளே எதுவோ நார் நாராகப் பிரிகிற மாதிரி இருந்தது. இது கடைசி, இது கடைசி என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

உத்தமபாளையம் பாலத்துக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறம். மழைக்குக் குனிந்திருந்தவர்கள் நிமிரவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். காற்று. மறுபடி திறந்தேன். காற்று மட்டும்.

அவர் தோளைத் தட்டினேன். ஆட்டோவை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். புரிந்துகொண்டார். மைக்கை நீட்டினேன்.

வாங்கி வாயருகே வைத்தார். 'ஏ' என்று தொடங்கி நின்றது. குழாயில் அந்த 'ஏ' மட்டும் பாலம் முழுக்க எதிரொலித்தது. முடித்துவைக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி 'ஏ'. கீழே பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

"ஏ... ஏ... ஏறுங்க. த... தண்ணி. ஏறுங்க."

பிறகு விடாமல் அதே சொல். ஏறுங்க, ஏறுங்க. சிலது நேராக வந்தது, சிலது உடைந்து வந்தது. "யாரு அது, என்னா சொல்றாக" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி துணியை வாரினாள். மற்றவர்களும் வாரினார்கள். கடைசிப் பெண் சோப்புக்காகத் திரும்பினாள். அவர் மைக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்போது பார்த்தோம். துவைக்கிற கல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

இப்போது மணி நாலு. மழை விட்டிருக்கிறது. தொண்டையில் இரும்பு ருசி. சத்தம் சுத்தமாக இல்லை. பாலத்தில் விட்டதுதான். திரும்புமா தெரியாது.

திங்கட்கிழமை மதுரைக்குப் போக வேண்டும். கத்தினீர்களா என்று டாக்டரம்மா கேட்பார். பயமாக இருக்கிறது. கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாக இவர் சொல்கிறார்.